கவ்லூன் மதில் நகரத்தில் ஓர் ஊழிய அழைப்பு: நிகழ்வு ஆய்வு

மிஷனரி அழைப்பைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் ஜாக்கி புல்லிங்கரின் பெயர் ஒருமுறையாவது வந்துவிடும். கூடவே கப்பல் கதையும் வரும். மிஷன் சங்கங்கள் கைவிரித்துவிட்டன. இருபத்திரண்டு வயது இங்கிலாந்துப் பெண்ணான அவர் ஒருவழிக் கப்பல் சீட்டு எடுத்தார். எங்கே இறங்குவது என்று ஜெபித்துக்கொண்டே போய் ஹாங்காங்கில் இறங்கினார். கேட்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும், நாலு பக்கமும் "ஆமென்" எழும், அதோடு சாட்சி முடிந்துவிடும்.

இந்த ஆய்வுக்கு அந்தக் கப்பல் அவ்வளவு முக்கியமில்லை. 1966-ல் அவர் இறங்கியதற்கும் அவருடைய ஊழியம் ஓர் உருவத்துக்கு வந்ததற்கும் நடுவே பல வருடங்கள் கிடக்கின்றன. எதற்காக அங்கே வந்தோம் என்பது அந்த வருடங்களில்தான் அவருக்கே பிடிபட்டது. பிடிபட வைத்தவர்களில் ஒருவன் ரவுடிக் கும்பலின் தலைவன். சாட்சிக் கூட்டங்களில் தாண்டிப் போகிற இந்தப் பகுதியைத்தான் இங்கே விரித்துப் பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய சொந்த அனுபவங்கள் பெரும்பாலும் அவரே சொல்லி 1980-ல் நூலாக வந்தவை. அவற்றை அவருடைய சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். அவர் ஊழியம் செய்த, ஹாங்காங்கிலுள்ள கவ்லூன் மதில் நகரத்தின் வரலாறு அரசுப் பதிவுகளில் இருப்பது. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு, உரசும் இடங்களும் உண்டு.

யாருக்கும் சொந்தமில்லாத ஆறரை ஏக்கர்

கவ்லூன் மதில் நகரத்தின் பரப்பு ஆறரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. நம் ஊரில் ஓரளவு பெரிய பள்ளிக்கூட வளாகம் அவ்வளவு இருக்கும். 1987-ல் கணக்கெடுத்தபோது அதற்குள் சுமார் 33,000 பேர் குடியிருந்தார்கள்.

இப்படி ஓர் இடம் உருவானதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தத்தின் ஒரு வரி. ஹாங்காங் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகு, எதிர்க்கரையில் சீன அரசு ஒரு கோட்டை கட்டியது. மதில் 1847-ல் முடிந்தது. 1898-ல் பிரிட்டன் சுற்றியிருந்த நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு வாங்கியபோது, கோட்டைக்குள் சீன அதிகாரிகள் தொடர்ந்து இருக்கலாம், ஹாங்காங்கின் ராணுவப் பாதுகாப்புக்கு இடைஞ்சல் வராதவரை, என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடமே பிரிட்டிஷார் அந்த அதிகாரிகளை வெளியேற்றிவிட்டார்கள். சீனா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு இந்த இடம் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு முடிவே இல்லாமல் போயிற்று.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் மதிலை இடித்து, அந்தக் கல்லைக் காய் டாக் விமான நிலைய விரிவாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மதில் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. போருக்குப் பின் சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். 1948 ஜனவரியில் ஹாங்காங் அரசு அவர்களைக் காலிசெய்யப் பார்த்தபோது சீனாவின் குவாங்சோவில் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் துணைத் தூதரகம் எரிக்கப்பட்டது. இதில் கை வைத்தால் வம்பு என்று அரசு விலகிக்கொண்டது.

விளைவு, அனுமதி வாங்காத கட்டிடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து பத்து மாடி, பதினாலு மாடி என எழுந்தன. அதற்கு மேல் போகாததற்குக் காரணம் பக்கத்தில் இறங்கும் விமானங்கள். சந்துகளில் தலைக்கு மேல் மின்கம்பிகளும் ஒழுகும் குழாய்களும் பின்னிக் கிடக்கும். பட்டப்பகலிலும் விளக்கில்லாமல் நடக்க முடியாது. அரசு போட்டுக் கொடுத்த தண்ணீர்க் குழாய்கள் மொத்தம் எட்டு. மற்றதெல்லாம் கிணற்றுத் தண்ணீர். சீனாவில் படித்து ஹாங்காங்கில் உரிமம் கிடைக்காத பல் மருத்துவர்கள் வரிசையாகக் கடை வைத்திருந்தார்கள். மீன் உருண்டை செய்யும் பட்டறைகள், பிளாஸ்டிக் பட்டறைகள், அவற்றுக்கு நடுவே அபின் கூடங்களும் சூதாட்டமும் விபச்சாரமும். 14கே, சுன் யீ ஆன் போன்ற டிரையட் கும்பல்கள், அதாவது சீன ரகசியக் குற்றக் கும்பல்கள், இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

அங்கே சட்டமே கிடையாது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. 1959-ல் ஒரு கொலை வழக்கில் ஹாங்காங் நீதிமன்றம் தனக்கு அங்கே அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. போலீஸ் உள்ளே போய்வந்தது, தபால்காரர் போய்வந்தார். போலீஸ் போகவில்லை என்பதைவிட, போன போலீஸில் பலர் மாமூல் வாங்கினார்கள் என்பதே அந்த நாட்களின் பெரிய பிரச்சினை. மதில் நகரத்துக்கு வெளியேயும் அப்போது அதே கதைதான்.

மிஷன் சங்கம் ஏன் மறுத்தது

ஜாக்கி 1944-ல் பிறந்தவர், தெற்கு லண்டனில் க்ராய்டன் பக்கம். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு வந்த ஒரு மிஷனரி அம்மா, ஆண்டவர் உங்களையும் அழைக்கலாமே என்று கேட்டது மனதில் தைத்திருந்தது. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தார். அவருடைய வாத்தியம் ஓபோ என்ற ஊதுகுழல். படித்து முடித்து இசை ஆசிரியையாக இருந்தபோது பழைய கேள்வி திரும்பி வந்தது. ஒரு சொப்பனத்தில் ஆப்பிரிக்க வரைபடத்தைப் பார்க்கிறார். அதற்கு நடுவில் ஹாங்காங் என்று எழுதியிருக்கிறது.

விண்ணப்பம் போட்டார். ஹாங்காங் அரசு, முறையான ஆசிரியர் பயிற்சி வேண்டும் என்றது. மிஷன் சங்கம் வயது போதாது என்றது. பிறகு ஓர் ஆங்கிலிக்கன் ஆயர் சொன்ன யோசனைதான் கப்பல்: கிடைப்பதிலேயே நீண்ட பயணம் போகும் கப்பலில் ஏறு, எங்கே இறங்குவதென்று ஆண்டவரைக் கேள்.

இந்த இடத்தில் சங்கங்களைப் பரிகசிப்பது சுலபம். விசுவாசமில்லாத கமிட்டி, விசுவாசமுள்ள பெண் என்று கதையை இரண்டாகப் பிரித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபத்திரண்டு வயது, பாஷை தெரியாது, பணம் இல்லை, அங்கே தெரிந்த ஆள் இல்லை, போய் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. இப்படி ஒருவரை அனுப்பி, அவர் நொறுங்கித் திரும்பி வந்தால் பொறுப்பு அனுப்பியவர்களுடையது. அப்படித் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நாம் மேடையில் ஏற்றுவதில்லை என்பதால் அவர்கள் இல்லையென்று ஆகிவிடாது.

ஹாங்காங் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி அவரை இறங்கவிட முதலில் மறுத்தார். வேலை இல்லை, தங்க இடம் இல்லை, கையில் சொற்பக் காசு. அம்மாவின் ஞானப்பிள்ளை ஒருவர் ஹாங்காங் போலீஸில் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து, அதைச் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. பிரிட்டிஷ் காலனியில் பிரிட்டிஷ் பெண், போலீஸில் அறிமுகம் வேறு. விசுவாசப் பயணம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே நிலையில் சென்னையிலிருந்தோ மணிலாவிலிருந்தோ ஒரு பெண் வந்து இறங்கியிருந்தால் அந்த அதிகாரி என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பலன் தெரியாத வருடங்கள்

மதில் நகரத்துக்குள் டானிதோர்ன் என்ற அம்மையார் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அங்கே பாட்டும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் போனதுதான் ஜாக்கியின் முதல் நுழைவு. மிஷனரி என்ற பட்டமில்லை, சம்பளம் பார்த்துக்கொள்ள சங்கமும் இல்லை.

தெருவில் திரியும் பையன்களுக்காக ஒரு யூத் கிளப் தொடங்கினார். பிங்பாங் மேஜை, பாட்டு, வெளியூர்ப் பயணம், கடைசியில் கொஞ்சம் சுவிசேஷம். நம் ஊர் வாலிபர் கூட்டத்தின் அதே சட்டகம். பையன்கள் வந்தார்கள். விளையாடினார்கள், சாப்பிட்டார்கள், உதவி கேட்டார்கள். சிலர் இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்றும் சொன்னார்கள். அதில் எத்தனை பேர் அரிசிக்காகச் சொன்னார்கள், எத்தனை பேர் மனதிலிருந்து சொன்னார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. ஏமாற்றப்பட்ட இடங்களை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்; அவருடைய சாட்சியில் நான் மிகவும் நம்புவது அந்தப் பக்கங்களைத்தான்.

கணக்குப் பார்த்தால் இந்த வருடங்களில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஜெபக் கடிதம் எழுதி அனுப்பினால் ஆதரவாளர்கள் சோர்ந்துபோவார்கள். ஆனால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தெருவில் கேட்டுக் கேட்டு அந்த ஊர் மொழியான கான்டனீஸ் படிந்தது. செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்ட பையன்களுக்காகக் காவல் நிலையத்தில் காத்திருந்தார், நீதிமன்றத்துக்குக் கூடவே போனார். இரவு எந்நேரமும் அவர் அந்தச் சந்துகளில் நடப்பதை எல்லோரும் பார்த்துப் பழகினார்கள். "பூன் சியூ ஜே", அதாவது மிஸ் பூன் என்கிற மாதிரி, ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. எப்படியும் ஆறு மாதத்தில் போய்விடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் மெல்ல அந்த எதிர்பார்ப்பைக் கைவிட்டார்கள்.

கும்பல் தலைவன் பார்த்தது

ஒருநாள் கிளப்புக்குள் புகுந்து யாரோ எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். பெஞ்சுகள் உடைந்து கிடந்தன, சுவரெல்லாம் சாக்கடைக் கழிவு பூசியிருந்தது. இத்தனை வருடம் யாருக்காக உழைத்தாரோ அவர்களே செய்த வேலை. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்ததை அவர் ஒளிக்கவில்லை. அழுதுகொண்டே கழுவிவிட்டு, அடுத்த நாள் திறந்தார்.

அடுத்த நாள் வாசலில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன் நின்றான். இனி யாராவது வம்பு செய்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்றான். அனுப்பியது யார் என்று கேட்டால், அந்தப் பகுதியின் 14கே தலைவன். அதன் பிறகு கிளப்புக்கு ஒரு காவலாள் கிடைத்தான். உள்ளே வர மாட்டான், வாசலிலேயே நிற்பான்; உள்ளே பாடுவது அவன் காதில் விழும். அவனுக்கே அபின் பழக்கம் இருந்தது. நாளடைவில் அவன் உள்ளே வந்து ஜெபித்தான், அபினையும் விட்டான் என்கிறார் ஜாக்கி.

தலைவன் ஏன் காவல் போட்டான்? பின்னொரு நாள் அவனோடு உட்கார்ந்து பேசியபோது ஜாக்கிக்கு அது தெரியவந்தது. வந்துபோகும் வெள்ளைக்காரர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இந்தப் பெண் போகவில்லை என்பதைக் கவனித்திருக்கிறான். தன்னால் அபினையும் ஹெராயினையும் விட வைக்க முடியாத ஆட்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அவர் உடனே தலையாட்டவில்லை: திருந்தினவன் உனக்குச் சண்டை போடத் திரும்பி வரமாட்டான், இரண்டு அண்ணன்மாரைப் பின்பற்ற முடியாது என்கிறார். அவன் யோசித்துவிட்டு ஒரு பேரம் வைக்கிறான்: கெட்டுப்போனவர்களை நீ எடுத்துக்கொள், நல்லவர்களை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆய்வின் மையம் எனக்கு இந்தப் பேரம்தான். சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் வாலிபர்களைத் திரட்டவும் வந்தவருக்கு, போதைக்கு அடிமையானவர்களே உன் வேலை என்று சொன்னவன் ஒரு டிரையட் தலைவன். எந்த மிஷன் சங்கமும் எழுதிக் கொடுக்காத பணி விவரம். லண்டனில் கண்ட சொப்பனத்தில் ஊரின் பெயர் இருந்தது. யாரிடம் போக வேண்டும் என்பது அந்த ஊரிலேயே தங்கித்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஜெபமும் ஹெராயினும்

அபின் விரட்டப்பட்ட பிறகு ஹாங்காங்கில் அந்த இடத்தை ஹெராயின் பிடித்தது. அபின் புகை தெருமுனை வரை மணக்கும், போலீஸுக்குக் காட்டிக்கொடுக்கும். ஹெராயினை மறைப்பது எளிது. வெள்ளித்தாளில் பொடியை வைத்து, அடியில் தீயைக் காட்டி, உருகி ஓடுவதன் பின்னாலேயே குழலைக் கொண்டுபோய்ப் புகையை உறிஞ்சுவார்கள்.

ஜாக்கியின் வழி எல்லோருக்கும் தெரிந்தது. அந்நிய பாஷையில் ஜெபிக்கும் வரம் அவருக்குக் கிடைத்திருந்தும் அதைப் பெரிதாகப் பயன்படுத்தாமல் இருந்தார். ரிக், ஜீன் வில்லன்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியின் தூண்டுதலால் தினமும் அப்படி ஜெபிக்கத் தொடங்கினார். அதன் பிறகே மனமாற்றங்கள் பெருகின என்கிறார். போதையை விடுகிறவர்களும் அதே விதமாக ஜெபித்து, வேதனையில்லாமல் வெளியே வந்ததாகச் சாட்சி சொல்கிறார்கள்.

பெந்தெகொஸ்தே வாசகர்களுக்கு இதில் தயக்கம் இருக்காது. மற்ற சபையாருக்கு இருக்கும். மருத்துவம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹெராயினை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் உடம்பு படும் பாடு மிக மோசம்: வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு, தூக்கமின்மை. பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் உடல் வேதனை அடங்கிவிடும். மற்றபடி ஆரோக்கியமானவருக்கு அதனால் உயிர் போவது அரிது. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. உடம்பின் தாங்கு சக்தி குறைந்திருக்கும்போது பழைய அளவையே மறுபடி எடுத்தால் ஆள் செத்துப்போகலாம். ஆக, முதல் பத்து நாள் எப்படிக் கழிந்தது என்பதைவிட பதினோராம் நாள் அவன் எங்கே தூங்கினான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஜாக்கிக்கும் இது நடைமுறையில் தெரியவந்தது. ஜெபித்து விடுபட்டவன் திரும்பிப் போவது அதே சந்துக்கு, அதே கும்பலுக்கு, அதே மாடிப்படிக்கு. சிலர் மறுபடி விழுந்தார்கள். எனவே 1970களில் வில்லன்ஸ் தம்பதியோடு சேர்ந்து வீடுகள் எடுத்தார். புதிதாக வருகிறவன் பக்கத்தில் முதல் நாட்களில் இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். உட்காருகிறவன் சில மாதம் முன்பு அதே கட்டிலில் கிடந்தவன். பிறகு சமையல், துணி துவைப்பது, குறித்த நேரத்தில் எழுவது. வேலை செய்து பழகாதவனுக்கு இதெல்லாம் ஹெராயினை விடுவதைவிடக் கடினம்.

ஊழியத்தின் முழுப் பாரமும் இந்த வீடுகளுக்கு மாறியது. 1981-ல் இந்த வேலைக்கான அமைப்பாக செயின்ட் ஸ்டீபன்ஸ் சொசைட்டி முறையாக அமைந்தது. பின்பு ஹாங் ஃபுக் முகாம் என்ற இடத்தைப் பயன்படுத்த அரசே கொடுத்தது. 1989-ல் அவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது வந்தது. ஆசிரியர் பயிற்சி இல்லை என்று முன்பு கடிதம் எழுதிய அதே அரசாங்கத்தின் காலத்தில்.

சாட்சியில் விடுபடுவது

மிஷன் நூல்களில் மதில் நகரம் முழுக்க இருட்டு. அந்த 33,000 பேரில் பெரும்பாலோர் காலையில் எழுந்து வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தது; வீடு விற்றால் வாங்கினால் அது சாட்சி நின்றது. பழைய அதிகாரியின் மாளிகை முதியோர் இல்லமாகவும் பள்ளியாகவும் மருந்தகமாகவும் பயன்பட்டது. ஜாக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். டானிதோர்ன் அம்மையாரே அதற்குச் சாட்சி. அழைப்பைப் பெற்றவர் போகும் இடம் எப்போதும் வெற்றிடம் போல எழுதப்படுவது மிஷன் எழுத்தின் பழைய நோய்.

அடுத்தது, கும்பல்களின் பிடி தளர்ந்தது ஜெபத்தால் மட்டும் என்று சொல்ல முடியாது. 1973-74-ல் போலீஸ் 3,500-க்கும் மேற்பட்ட தடவை உள்ளே சோதனை நடத்தி 2,500-க்கும் அதிகமானோரைக் கைது செய்தது. 1974-ல் ஊழல் ஒழிப்புச் சுயாதீன ஆணையம் அமைந்து, மாமூல் வாங்கிய போலீஸாரின் கழுத்தில் கை வைத்தது. போதை மறுவாழ்வுக்கு 1961-லேயே சார்டா என்ற அமைப்பு தோன்றி, 1963-ல் ஷெக் க்வூ சாவ் தீவில் சிகிச்சை மையம் திறந்திருந்தது. 1970களில் அரசு, ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்துக்கான மருந்தகங்களைப் பரவலாக்கியது. சீக்கிரம் வந்து ஒரு டோஸ் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஜாக்கியின் வழி இதற்கு நேர் எதிர்: மருந்தே வேண்டாம், மனிதர் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று ஆயிரக்கணக்கானோரை எட்டியது. மற்றது ஒரு சமயத்தில் சில டஜன் பேரைத்தான் தாங்கும். மெத்தடோனை விசுவாசக் குறைவு என்று சில மேடைகளில் பேசுகிறார்கள். மனைவி பிள்ளையோடு கூலி வேலைக்குப் போகிற ஒருவனிடம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் வந்து தங்கு என்று எல்லோராலும் சொல்ல முடியாது. இரண்டும் இருந்தது ஹாங்காங்கின் அதிர்ஷ்டம் என்பேன்.

1987 ஜனவரியில் பிரிட்டனும் சீனாவும் பேசி வைத்து, மதில் நகரத்தை இடிக்கப்போவதாக அறிவித்தன. குடியிருந்தவர்களுக்கு மொத்தம் சுமார் 270 கோடி ஹாங்காங் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். சிலர் போதாது என்று கடைசி வரை மறுத்து, வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். இடிப்பு 1993 மார்ச்சில் தொடங்கி 1994-ல் முடிந்தது. அடுத்த வருடம் அங்கே பூங்கா திறந்தார்கள்.

இடத்தை நம்பிய ஊழியமாக இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். வேலை அதற்குள் வீடுகளுக்கு மாறிவிட்டிருந்ததால் இடிப்பு அதைப் பெரிதாகத் தொடவில்லை. கும்பல் தலைவன் கைகாட்டிய ஆட்கள் எங்கே இருந்தார்களோ அங்கே போயிற்று: வேறு பேட்டைகள், சிறைகள், நடைபாதைகள். 2002 முதல் ஹாங்காங்கில் போதை மறுவாழ்வு இல்லங்கள் அரசு உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீயணைப்பு, கட்டிடப் பாதுகாப்பு, ஆட்கள் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் விதி. ஜெபத்தை மட்டும் கையில் வைத்துத் தொடங்கிய கிறிஸ்தவ இல்லங்களும் படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று. சிலர் இதை ஊழியத்தில் அரசின் தலையீடு என்பார்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழி இருக்கிறதா என்று ஓர் அதிகாரி வந்து பார்ப்பது, அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவனின் பக்கத்திலிருந்து பார்த்தால், தலையீடு என்று எனக்குத் தோன்றவில்லை.